கரைதசை: சிறுநீரக நோயில் உடல் மெலிவது ஏன்?



சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பில் வினைத்தொகையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய், சுடுசோறு என்று பலகையில் எழுதி, மூன்று காலத்துக்கும் பொருந்தி வருவதே வினைத்தொகை என்று விளக்கி முடித்து, "ஐயம் உண்டா?" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் கையை உயர்த்தினான். அவனுடைய ஐயம் இலக்கணத்தில் அன்று.

"சேர், நீங்கள் ஊரில உயிரியல் படிப்பிச்சனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். எங்கட அப்பப்பாவுக்குக் கிட்னி வருத்தம். நல்லாத்தான் சாப்பிடுறார். ஆனா கையும் காலும் மெலிஞ்சுகொண்டு போகுது. கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல வினா. சிறுநீரகம் குருதியிலுள்ள கழிவை வடிக்கும் உறுப்பு என்ற பாடநூல் வாக்கியத்தைக் கூறி அன்று சமாளித்துவிட்டேன். ஆனால் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வன்னியில் ஒரு பாடசாலையில் க.பொ.த. உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பித்தவன். சிறுநீரகத்தின் நெடுக்குவெட்டு முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெண்கட்டியால் வரையக் கூடியவன். ஆயினும் 2006 ஆம் ஆண்டில் என் தந்தையாருக்கே அந்நோய் கண்டபோது நான் செய்தவை இரண்டு. அயலவர் சொற்கேட்டுப் பருப்பையும் மீனையும் முற்றாக நிறுத்தினேன்; "ஐயா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்திருங்கோ" என்று சாய்மனைக் கதிரையில் அவரை இருத்தினேன். ஒரு காலத்தில் துலா மிதித்த அவருடைய தொடைகள் அக்கதிரையிலேயே மெலிந்தன. நாட்டு நிலைமையும் உணவுத் தட்டுப்பாடுமே காரணம் என்று எண்ணினேன். அது பாதி உண்மையே என்பதை இந்நாட்டுக்கு வந்தபின், இங்குள்ள நூலகத்திலிருந்து பெற்ற மருத்துவ நூல்களால் அறிந்தேன். அவ்வாறு அறிந்ததை, அம்மாணவனுக்கான பிந்திய விடையாக இம்மலரில் எழுதுகின்றேன்.

முதலில் சிறுநீரகத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் கைப்பிடி அளவான இவ்வுறுப்புகள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 இலீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் ஏறக்குறைய ஒன்றரை இலீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதைத் திரும்ப உடலுக்கே ஒப்படைக்கின்றன. ஆனால் வடிப்பது மட்டும் அவற்றின் தொழிலன்று. குருதியின் அமிலத்தன்மையைச் சீராக வைப்பது, செங்குருதிக் கலங்கள் உண்டாகத் தூண்டும் ஓமோனைச் சுரப்பது, உயிர்ச்சத்து டீயைச் செயற்படு நிலைக்கு மாற்றுவது, வேலை முடிந்த இன்சுலினின் ஒரு பகுதியை அகற்றுவது ஆகியனவும் அவற்றின் கடமைகளே. இவ்வேலைகள் பல மாதங்களாக, பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தளர்வதையே நாட்பட்ட சிறுநீரக நோய் என்கின்றோம். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இதற்கு முதன்மையான காரணங்கள். பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய மக்களிடையே சிறுநீரகச் செயலிழப்பு ஏனையோரிலும் மிகுதியாகக் காணப்படுவதால், இவ்விடயம் நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று.

இனித் தசைக்கு வருவோம். தசையை நாம் ஒரு கட்டடம் போல நினைக்கின்றோம். ஒருமுறை கட்டினால் நிற்கும் என்று. உண்மையில் அது ஓர் ஆறு போன்றது. பார்வைக்கு அதே ஆறு. ஆனால் நேற்றிருந்த நீர் இன்றில்லை. உடலிலுள்ள புரதம் ஒவ்வொரு நாளும் உடைக்கப்பட்டு அமினோ அமிலங்களாகி, அவற்றிலிருந்து மீண்டும் புதிய புரதம் கட்டப்படுகின்றது. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 கிராம் புரதம் இவ்வாறு உடைந்து உருவாகின்றது. அவர் அன்றைய உணவில் உண்ணும் புரதத்தைப் போல இது மூன்று, நான்கு மடங்கு.

மாணவர்களே, இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். கட்டுவதைவிட உடைப்பது நூற்றுக்கு ஒரு பங்கு மாத்திரம் மிகுந்துவிட்டது என்று கொள்வோம். நாளுக்கு 2.8 கிராம் புரதம் நட்டம். தசையில் ஐந்தில் ஒரு பங்கே புரதம். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவே 2.8 கிராம் புரதம் என்பது 14 கிராம் தசை. ஓர் ஆண்டில் 5 கிலோகிராமுக்கு மேல்! இது வெறும் கணக்கு. எல்லா நோயாளரிலும் இவ்வாறே நிகழும் என்று நான் கூறவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்றத்தாழ்வு, நாட்பட நாட்பட ஒரு மனிதரை எவ்வாறு கதிரையில் இருந்து எழ முடியாதவராக ஆக்கும் என்பதை இது காட்டும்.

ஆகையால் நம் வினாவைச் சற்றுத் திருத்தி அமைக்க வேண்டும். அப்பப்பா ஏன் மெலிகின்றார் என்பதைவிட, உடைக்கும் கை ஏன் கட்டும் கையை வென்றது என்று கேட்பதே பொருத்தம்.

பட்டினி கிடப்பவரின் தசையும் கரையும். ஆனால் அங்கே உடல் சிக்கனம் பிடிக்கப் பழகிக்கொள்ளும்; சில நாட்களில் தசை உடையும் வேகம் குறையும். உணவு கிடைத்தால் இழந்தது மீளும். சிறுநீரக நோயில் இச்சிக்கனம் கைகூடுவதில்லை. உணவு வந்தாலும் உடைப்பு ஓய்வதில்லை. உணவு போதாமையும் நோயாளர் பலரிடம் உண்டு. பசி மந்தம், குமட்டல், நாவில் உலோகச் சுவை என்பன அவர்களை உண்ண விடுவதில்லை. எனினும் உணவை மாத்திரம் கூட்டித் தசையைக் காக்க இயலாமற் போவது, உள்ளே வேறொரு பொறி இயங்குவதாலேயே.

அப்பொறியை விளக்க ஓர் உவமை கூறுவேன். பெற்றோர்களுக்கு அது புதிதன்று. இடம்பெயர்ந்த காலத்தில் நம் மக்கள் தம் வீட்டைத் தாமே கழற்றினார்கள். கூரைத் தகரம், கதவு, யன்னல், வளை, மரம் என ஒவ்வொன்றாகக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, அடுத்த ஊரில் ஒரு கொட்டிலாவது போட உதவும் என்று கொண்டுசென்றார்கள். எறிகணை விழுந்து உடைந்த வீடு வேறு. சொந்தக்காரரே ஆணி ஆணியாகக் கழற்றிய வீடு வேறு. சிறுநீரக நோயில் தசை இரண்டாவது வகையாகவே அழிகின்றது. நச்சுப் பொருள்கள் தசையைக் கண்டபடி அரித்துவிடுவதால் மட்டும் அது தேய்வதில்லை. உடலே, தன்னிடமுள்ள ஒழுங்கான முறைப்படி, கட்டளை பெற்று, வரிசைக்கிரமமாகத் தன் தசையைக் கழற்றுகின்றது.

கழற்ற வேண்டிய பொருளை எவ்வாறு அடையாளம் இடுவது? ஊரில் தறிக்க வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு குறி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். கலத்தினுள்ளும் அவ்வாறான ஒரு குறி உண்டு. அது யூபிக்குவிற்றின் எனப்படும் சின்னஞ்சிறு புரதம். எல்லா இடத்திலும் உள்ளது என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. உடைக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது இக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்படுகின்றன. சங்கிலி போதிய நீளம் அடைந்ததும், புரோற்றியசோம் என்னும் பீப்பாய் வடிவான பொறி அப்புரதத்தை உள்ளிழுத்துத் துண்டு துண்டாக்குகின்றது. வியப்பு என்னவெனில், புரதம் அழிந்தாலும் குறி அழிவதில்லை. அது கழற்றப்பட்டு மறுபடியும் பயன்படுகின்றது. இவ்வேலைக்கு ஏரிபி என்னும் சத்திப்பொருளும் செலவாகின்றது. தன் வீட்டை இடிப்பதற்குத் தானே கூலி கொடுப்பது போல!

இம்முறையைக் கண்டறிந்தமைக்காக ஆரன் சீக்கனோவர், அவ்ராம் எர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004 ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறை தீயதன்று என்பதையும் மாணவர் மனங்கொள்ள வேண்டும். பழுதடைந்த புரதங்களை அகற்ற எல்லாக் கலங்களுக்கும் இது இன்றியமையாதது. அளவு கடக்கும்போதே இடர் வருகின்றது.

எந்தப் புரதத்தில் குறியிடுவது என்று தெரிவு செய்பவை ஒருவகை நொதியங்கள். மனித உடலில் இத்தகையவை பல நூறு உள்ளன. அவற்றுள் தசைக்கே உரிய இரண்டு 2001 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்றன் பெயர் அற்றோஜின்-1, மற்றையது மர்ஃப்-1. பட்டினி, நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய நான்கும் வெவ்வேறு நோய்நிலைகள் அல்லவா? ஆனால் இந்நான்கினாலும் மெலிந்த விலங்குகளின் தசைகளில் அற்றோஜின்-1 பெருகியிருந்தது. இவ்விரு நொதியங்களுள் ஏதேனும் ஒன்றை உண்டாக்கும் பரம்பரையலகை நீக்கிய எலிகளில், நரம்பை அறுத்தபோதும் தசை குறைவாகவே மெலிந்தது. வழிகள் பல, வாயில் ஒன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கே ஒரு தடை உண்டு. தசையை இயக்கும் அக்ரின், மயோசின் என்னும் புரதங்கள் தனித்தனியே கிடப்பவையல்ல. இறுகப் பின்னிய கயிறு போன்றவை. பின்னிய கயிற்றைப் புரோற்றியசோமின் ஒடுங்கிய வாயினுள் செலுத்த முடியாது. முதலில் யாரேனும் அதை வெட்டித் தளர்த்த வேண்டும். கசுப்பேசு-3 என்னும் நொதியம் அந்த வேலையைச் செய்வதாக 2004 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது வெட்டிய இடத்தில் அக்ரினின் ஒரு சிறு துண்டு எஞ்சி நிற்கும். கள்வன் விட்டுச் சென்ற காலடி போல, தசை கரைகின்றது என்பதற்கு அத்துண்டே சாட்சி.

கட்டளை இடுவது யார்?

பொறியைக் கண்டோம். அதை முடுக்கிவிடுவது யார்? ஒருவரல்லர், பலர். அவர்களுள் எனக்கு மிகவும் வியப்பளித்தது அமிலம்.

நாம் உண்ணும் புரதத்திலிருந்து நாள்தோறும் சிறிதளவு அமிலம் உண்டாகின்றது. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் இயலாது, அமிலம் தேங்கும், அதனை நடுநிலையாக்கும் பைகாபனேற்றுக் குருதியில் குறையும். உடலோ குருதியின் அமிலத்தன்மை சிறிதும் மாறுவதைப் பொறுக்காது. ஆகவே அது தசைக்குக் கட்டளை அனுப்புகின்றது: "உன்னை உடைத்துக் குளுற்றமீன் கொடு." குளுற்றமீன் என்பது ஓர் அமினோ அமிலம். சிறுநீரகம் அதைப் பெற்று அமோனியா ஆக்கி, அதன்மூலம் அமிலத்தைச் சிறுநீருடன் வெளியேற்றும். சில நாள் இடரைச் சமாளிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் இங்கே பழுதடைந்திருப்பது அந்தச் சிறுநீரகமே! மூடிய ஆலைக்குக் கரும்பு அனுப்புவதைப் போலத் தசை தன்னை உடைத்து உடைத்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றது, அமிலம் தீர்ந்தபாடில்லை, கட்டளையும் ஓய்ந்தபாடில்லை. இடம்பெயர்வு முடிந்தபின்னும் வீட்டைக் கழற்றிக்கொண்டே இருப்பவரை எண்ணிப் பாருங்கள்.

இதனை 1980களில் அமெரிக்காவில் வில்லியம் மிச் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். சிறுநீரகம் தளர்ந்த எலிகளின் தசைப்புரதம் விரைந்து உடைந்தது. அவற்றுக்குச் சோடியம் பைகாபனேற்றைக் கொடுத்து அமிலத்தைத் தணித்தபோது உடைவு தணிந்தது. மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது: அமிலம் தனித்து இவ்வேலையைச் செய்வதில்லை, நெருக்கடிக் காலத்தில் அதிரீனற் சுரப்பி சுரக்கும் கோட்டிசோல் வகை ஓமோனும் உடனிருக்க வேண்டும்.

அடுத்தது இன்சுலின். இன்சுலின் என்றதும் வெல்லத்தையே நினைக்கின்றோம். ஆனால் "கட்டு, உடைக்காதே" என்று தசைக்குக் கூறும் குரலும் அதுவே. அக்குரல் கலத்தினுள் ஏகேரி என்னும் புரதத்தின் வழியாகச் செல்கின்றது. ஏகேரி விழிப்பாக இருக்கும்வரை, ஃபொக்சோ என்னும் இன்னொரு புரதத்தைக் கலத்தின் கருவினுள் நுழையவிடாது வாயிலில் மறித்து வைக்கும். சிறுநீரக நோயில், நீரிழிவு இல்லாதவரிடத்திலும், தசை இன்சுலினின் குரலுக்குச் செவிடாகின்றது. ஏகேரி சோர்ந்து விடுகின்றது. காவலற்ற வாயிலால் ஃபொக்சோ உள்ளே புகுந்து, நாம் முன்பு கண்ட அற்றோஜின்-1, மர்ஃப்-1 ஆகியவற்றின் பரம்பரையலகுகளை எழுப்பிவிடுகின்றது. காவலாளி உறங்கினால் வீடு என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அணையாத அழற்சி. நோய்க்கிருமி இல்லாமலே, தணல் போல மெல்லிய அழற்சி இந்நோயாளரின் உடலில் நீடிக்கின்றது. இன்ரர்லியூக்கின்-6 முதலிய அழற்சிப் பொருள்கள் குருதியில் உயர்ந்து, பசியையும் குறைத்து, தசை உடைவையும் தூண்டுகின்றன.

நான்காவது மயோஸ்ரற்றின். தசை அளவுக்கு மீறி வளராதபடி தசையே சுரக்கும் கடிவாளம் இது. 1997 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா மக்பெறன், சே-ஜின் லீ ஆகியோர் இதன் பரம்பரையலகை நீக்கிய எலிகளை உருவாக்கினர். அவற்றின் தசைகள் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருத்தன. பெல்ஜிய நாட்டில், மல்லரைப் போன்ற தொடைகளுடைய ஒருவகை நீலச்சாயல் மாடுகள் உண்டு. அவற்றின் பருமனுக்கும் இப்பரம்பரையலகின் பிறவிப் பழுதே காரணம் என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. சிறுநீரக நோயில் நிகழ்வது இதற்கு மறுதலை. கடிவாளம் மேலும் இறுகுகின்றது. நோயுற்ற எலிகளில் மயோஸ்ரற்றினைத் தடுத்தபோது தசை இழப்புக் குறைந்ததாக 2011 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எலிக்குக் கிடைத்த இம்மருந்து சிறுநீரக நோயுள்ள மனிதருக்கு வழக்கமான மருந்தாக இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் பல.

இவை போதாதென்று, பழுதைத் திருத்தும் தச்சரும் தளர்ந்து போகின்றார். தசைநாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைக்கலங்கள், தசைக்கு ஊறு நேர்ந்தால் விழித்துப் புதிய நார்களை ஆக்குபவை. அலெக்ஸாண்டர் மவ்றோ என்பவர் 1961 இல் இவற்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் தவளையின் தசையில் கண்டார். சிறுநீரக நோயில் இக்கலங்கள் விழிப்பதற்கான தூண்டல் குன்றுகின்றது. தேங்கும் கழிவுப் பொருள்களுட் சில, கலத்தின் சத்தி நிலையங்களாகிய இழைமணிகளையும் நலிவிக்கின்றன. நோயாளர் "ஒரு காரணமும் இல்லாமல் களைக்குது" என்று கூறுவது சோம்பலால் அன்று. டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பும் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுக்கின்றது. ஒருமுறை செய்யும்போது சில கிராம் தொடக்கம் பத்துக் கிராம் அளவுவரை அமினோ அமிலங்கள் கழிவுடன் சேர்ந்து வெளியேறிவிடுகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பெற்றோர்களே, இவ்வளவு பெயர்களையும் நீங்கள் மனனம் செய்ய வேண்டியதில்லை. நான் என் தந்தையாரிடத்தில் விட்ட பிழைகளை நீங்கள் விடாதிருந்தால் போதும்.

முதற்பிழை உணவு. "கிட்னி வருத்தம் என்றால் புரதமே கூடாது" என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவது உண்மையே. பொதுவாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்துவர். உணவியலாளரின் மேற்பார்வையில் இதனிலும் குறைப்பதுண்டு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டாலோ நிலைமை தலைகீழாகின்றது, 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு முன்னையது 48 கிராம், பின்னையது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உள்ளது என்பதைக் கொண்டு வேறுபாட்டை உணரலாம். டயாலிசிஸ் தொடங்கிய பின்னரும் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு, மாமனாருக்கு வெறுஞ்சோறும் இரசமும் கொடுக்கும் வீடுகளை நான் அறிவேன். அன்பினால்தான் செய்கின்றார்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, "இப்போது எவ்வளவு புரதம்?" என்று உணவியலாளரிடம் கேளுங்கள். மொழி தடையாயின் பிள்ளையை அனுப்பாது, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது பிழை ஓய்வு. பயன்படாத தசைக்கு "உன்னை வைத்திருக்கத் தேவையில்லை" என்ற செய்தியே செல்கின்றது. 2001 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், புரதம் குறைந்த உணவு உண்ட 26 சிறுநீரக நோயாளருள் ஒரு பகுதியினர் 12 வாரங்கள் பாரம் தூக்கும் பயிற்சி செய்தனர். அதே உணவை உண்டும் அவர்களுடைய தசைநார்கள் தடித்தன. பயிற்சி செய்யாதோர் மெலிந்தனர். உணவு மாறவில்லை, கட்டளை மாறியது. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்வந்த பல ஆய்வுகளும் பயிற்சியின் பக்கமே நிற்கின்றன. வயோதிபர் ஒருவருக்கு இரும்புப் பாரம் வேண்டியதில்லை. கைபிடியில்லாத கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து இருப்பதே நல்ல பயிற்சி. இருதய நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

அமிலத்தைத் தணிப்பது பற்றி இரு செய்திகளையும் நேர்மையாகக் கூற வேண்டும். கிழக்கு இலண்டனில் 134 நோயாளரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், பைகாபனேற்று மாத்திரை பெற்றோரின் சிறுநீரகம் மெதுவாகவே தளர்ந்தது. மேற்புயத் தசையும் முன்னேறியது. ஆனால் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வில், நடத்தல், எழும்புதல் போன்ற உடற்செயலில் அம்மாத்திரையால் மேம்பாடு காணப்படவில்லை. ஆகவே யாருக்கு, எவ்வளவு என்பது மருத்துவர் குருதியைச் சோதித்துத் தீர்மானிக்க வேண்டியது. அப்பச்சோடாவும் இதே பொருள்தானே என்று எண்ணி, சமையலறைப் போத்தலைத் திறந்துவிடாதீர்கள். அதிலுள்ள சோடியம் வீக்கத்தையும் குருதி அமுக்கத்தையும் ஏற்றக்கூடும்.

இன்னும் இரண்டு பொறிகளில் நாம் எளிதில் அகப்படுகின்றோம். ஒன்று, எடை. தசை கரைந்த இடத்தில் நீர் தேங்கினால் தராசு பழைய எடையையே காட்டும். தராசை நம்பாது தொடையையும், மேற்புயத்தையும், கன்னப் பொறியையும் பாருங்கள். போத்தல் மூடியைத் திருகித் திறக்க முடிகின்றதா என்று பாருங்கள். மற்றையது, கிரியேற்றினின். சிறுநீரகத்தின் நிலையை அளக்க மருத்துவர் பார்க்கும் இப்பொருள் உண்டாவது தசையிலேயே. தசை குறைந்தால் இதுவும் குறைவாகவே உண்டாகும். அப்போது சிறுநீரகம் தேறியது போன்ற ஒரு பொய்த்தோற்றம் வரும். இதனாலேயே மெலிந்தவர்களில் சிஸ்ரற்றின்-சி என்னும் வேறொரு பொருளையும் சேர்த்து அளக்கின்றனர். அதன் அளவு தசையின் பருமனை அவ்வளவாகச் சார்ந்ததன்று.

அம்மாணவனின் தாயாரை அண்மையில் பாடசாலை வாயிலில் கண்டேன். "மாஸ்ரர், மாமா இப்ப ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கதிரையால எழும்பி இருக்கிறார். இவன்தான் பக்கத்தில நிண்டு எண்ணுறவன், அதுவும் தமிழில" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பேரன் எண்ண, அப்பப்பா எட்டாவதிலேயே பத்து என்று சொல்லி இருந்துவிடப் பார்ப்பாராம்.

மாணவர்களே, உங்களுக்கு மூன்று வினாக்கள். அடுத்த சனிக்கிழமை விடை எழுதிக்கொண்டு வாருங்கள்.

நலமான சிறுநீரகத்துக்குக் குளுற்றமீன் எதற்கு உதவுகின்றது? தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதே உதவி ஏன் பயன்படாது போகின்றது?

டயாலிசிஸ் செய்துவரும் ஒருவரின் கிரியேற்றினின் ஆறு மாதங்களில் 700 இலிருந்து 560 ஆகக் குறைந்தது. அவருடைய காற்சட்டையும் தளர்ந்துவிட்டது. வீட்டார் மகிழலாமா?

இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள கரைதசை என்பது நான் ஆக்கிய ஒரு வினைத்தொகை. அதனை மூன்று காலத்துக்கும் விரித்து எழுதுக. அம்மூன்றனுள் எதை நாம் இன்னும் மாற்றக்கூடும்?